மாலத்தீவில் ஸ்நார்கெலிங் படகில் போனால் எது மனதில் நிற்கும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மாதம் மனைவி, பதினொரு வயது மகளோடு மாலத்தீவு போகிறீர்கள். ஐந்து நாள். நீச்சல் சுமாராகத் தெரியும். கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் மாண்டா திருக்கை, திமிங்கிலச் சுறா, நர்ஸ் சுறா, டால்பின் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படகுப் பயணம் விற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பணம் கட்ட முடியாது. எதைப் பார்த்தால் காலத்துக்கும் மறக்காது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மாலத்தீவின் பா அட்டோல், தெற்கு ஆரி அட்டோல் என்ற இரண்டு பவளத் தீவுக்கூட்டங்களில் ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மேலே மிதந்தபடி கடலைப் பார்ப்பது) வழிகாட்டியாக வேலை பார்த்தவன். ஆகஸ்ட் என்றால் என் பதில் பா அட்டோல், ஹனிஃபாரு விரிகுடா, மாண்டா திருக்கை. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் போய்வந்து என்னைத் திட்ட வாய்ப்பு உண்டு. ஒரு பிராணி இருக்கும் இடத்துக்குப் போவது வேறு, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே இருப்பது வேறு. நான் கூட்டிப்போனவர்களில் வருடக்கணக்கு கழித்தும் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்வது இந்த இரண்டாவது வகை நேரத்தைத்தான். அதற்குக் காற்றும் நிலாவும் ஒத்துவர வேண்டும். நாமும் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும்.

முதலில் காற்று. மாலத்தீவு என்பது வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் 26 அட்டோல்கள், சுமார் 1,190 தீவுகள். ஒவ்வொரு அட்டோலும் ஒரு பவளப்பாறை வளையம். உள்ளே ஆழம் குறைந்த கடல், வெளியே சட்டென்று ஆயிரக்கணக்கான அடி இறங்கும் ஆழ்கடல். வளையத்தில் ஆங்காங்கே இடைவெளிகள் உண்டு. தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் உள்ளே வரும், வெளியே போகும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நீரோட்டம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. அப்போது எல்லாம் தலைகீழ். நீரோட்டம் அட்டோலைக் கடந்து வெளியேறும் பக்கத்தில் மிதவை உயிரிகள் (தண்ணீரோடு மிதந்து திரியும் மிகச் சின்ன உயிர்கள்) பெருகும். அவற்றைத் தின்னும் மாண்டாக்களும் அந்தப் பக்கமே வரும். அதனால்தான் தென்மேற்குக் காற்றில் அட்டோல்களின் கிழக்கு ஓரமும், வடகிழக்குக் காற்றில் மேற்கு ஓரமும் மாண்டாவுக்குப் பேர்போனவை. "எல்லா மாதமும் மாண்டா நிச்சயம்" என்று ஒரே இடத்தைக் காட்டி யாராவது விற்றால், அவர் கடலைப் பற்றிப் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹனிஃபாரு பா அட்டோலின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. புனல் மாதிரி ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் அடைபட்ட சின்ன விரிகுடா. பவுர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், பெரிதாக இருக்கும். ஏறும் தண்ணீரும் பருவக்காற்றின் நீரோட்டமும் ஒன்றை ஒன்று எதிர்க்கும்போது மிதவை உயிரிகள் இந்தப் புனலுக்குள் இழுக்கப்பட்டு வெளியேற வழியில்லாமல் அடைந்துபோகும். அந்தச் சில மணி நேரம்தான் பந்தி. செய்தி எப்படியோ மாண்டாக்களுக்குப் போய்விடும். நல்ல நாளில் நூறுக்கும் மேல் திரண்டது பதிவாகியிருக்கிறது. மோசமான நாளில் ஒன்றுகூட இருக்காது.

இந்த இடத்தில் 2009 முதல் பாதுகாப்பு உண்டு. 2011இல் பா அட்டோல் முழுவதும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2012 முதல் காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவுக்குத் தடை. மூச்சுக்குழாயோடு மேலே மிதப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஒரே நேரத்தில் 80 பேர், ஒருவருக்கு 45 நிமிடம், உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம், தனிக் கட்டணம், காவலர் படகு. ஆசியாவில் சுற்றுலா இடங்களில் விதிகள் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். இங்கே ஓரளவு நிஜமாகவே நடக்கிறது. நீங்கள் தண்ணீரில் இறங்கிய நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும்.

இறங்கியதும் பெரும்பாலானவர்கள் முகம் சுளிப்பார்கள். விளம்பரத்தில் பார்த்த கண்ணாடித் தண்ணீர் இருக்காது. பச்சையும் சாம்பலும் கலந்து, ஐந்தாறு மீட்டருக்கு மேல் ஒன்றும் தெரியாது. முகத்திலும் கையிலும் சுருக் சுருக்கென்று ஏதோ குத்தும். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று என் காதுபடக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கலங்கல்தான் சாப்பாடு. தண்ணீர் தெளிந்திருந்தால் மாண்டா வந்திருக்காது. நீங்கள் அந்தக் கலங்கலைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். முன்னால் ஒரு இடம் கொஞ்சம் கூடுதலாக இருண்ட மாதிரி தோன்றும். பிறகு அந்த இருட்டுக்கு ஒரு வெள்ளை வாய் முளைக்கும். சத்தமே இருக்காது. மூன்று மீட்டருக்கு மேல் அகலமான ஒரு உடம்பு, வாயைத் திறந்தபடி, நேராக உங்களை நோக்கி வரும். தலையின் இரு பக்கமும் இருக்கும் மடல்களை விரித்து இரையை வாய்க்குள் தள்ளிக்கொண்டே வரும். இடித்துவிடும் என்று நீங்கள் முடிவு கட்டும் தருணத்தில் ஒரு இறக்கையை லேசாகச் சாய்த்து உங்களுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மிதவை உயிரிகள் அடர்த்தியாக இருந்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்துக்கொள்ளும். சங்கிலியின் தலை வாலைத் தொட்டுவிட்டால் வட்டமாகச் சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழற்சியே இரையை நடுவில் குவிக்கும். இதை எல்லாரும் பார்க்க முடியாது. ஒற்றை மாண்டா ஒரே இடத்தில் பின்பக்கமாகக் கரணம் போட்டுக்கொண்டே இரை தின்பதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். அப்போது அதன் வெள்ளை வயிறு மேலே தெரியும். அதில் இருக்கும் கரும்புள்ளிகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. அந்தப் புள்ளிகளைப் படமெடுத்துத்தான் மாண்டா டிரஸ்ட் என்ற ஆய்வுக் குழு 2005 முதல் மாலத்தீவு முழுவதும் மாண்டாக்களைக் கணக்கெடுக்கிறது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கிறது. உங்கள் மகளுக்கு இது பிடிக்கும். வயிறு தெளிவாகத் தெரியும் ஒரு படம் கிடைத்தால் அந்த ஆய்வுக் குழுவுக்கே அனுப்பலாம்.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாண்டாவுக்கு வாலில் கொடுக்கு கிடையாது. நம் ஊர்க் கரையோரத் திருக்கையை மிதித்தவர்கள் சொல்லும் கதைகளை இங்கே கொண்டுவர வேண்டாம். செய்ய வேண்டியது ஒன்றுதான். குப்புற மிதந்து, கையைக் காலை அடிக்காமல், அது வரும் பாதையில் குறுக்கே போகாமல் கிடப்பது. துரத்தினால் அது இரண்டு வீச்சில் காணாமல் போகும். மனிதரால் எட்ட முடியாது. கிடந்தால் சுற்றிச் சுற்றி வரும். சுமாராக நீந்துகிறவர்களுக்கு ஹனிஃபாருவில் அதிகம் கிடைப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு ஒரே இடத்தில் மிதப்பார்கள். நன்றாக நீந்துகிறவர்கள் 45 நிமிடமும் ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்து திமிங்கிலச் சுறா. இது தெற்கு ஆரி அட்டோல் சமாச்சாரம். திகுரா, மாமிகிலி தீவுகளை ஒட்டிய வெளி ஓரம் 2009இல் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியானது. சுமார் 42 சதுர கிலோமீட்டர். உலகத்தில் பல இடங்களில் இந்த மீன் ஒரு பருவத்துக்கு வந்துவிட்டுப் போய்விடும். இங்கே வருடம் முழுவதும் இருக்கும். வருபவை ஏறக்குறைய எல்லாமே வயதுக்கு வராத ஆண்கள் என்பது ஒரு வேடிக்கை. பெண்களும் முழு வளர்ச்சி அடைந்தவையும் எங்கே என்பது ஆய்வாளர்களுக்கே புதிர். 'வயதுக்கு வராத' என்றால் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு மீட்டர் சாதாரணம். ஆழத்தில் இரை தேடிக் குளிர்ந்துபோன உடம்பைச் சூடேற்றிக்கொள்ள அவை மேலே வருகின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. அந்த ஓரத்தில் ஆழ்கடல் பாறையை ஒட்டியே இருப்பதால் அது பொருந்தித்தான் போகிறது.

இங்கே பயணம் வேறு மாதிரி. படகின் மேல்தளத்தில் ஒருவர் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. திடீரென்று கத்தல், எல்லாரும் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மாட்டிக்கொண்டு குதி குதி என்று ஒரு களேபரம். குதித்துக் கீழே பார்த்தால் உங்களுக்கு அடியில் புள்ளிகளும் கோடுகளும் போட்ட ஒரு முதுகு, முடிவே இல்லாமல் கடந்துகொண்டிருக்கும். பிரமாதமான காட்சி. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சுற்றுலா சீசனில் ஒரு மீனைச் சுற்றி ஏழெட்டுப் படகு, ஐம்பது அறுபது பேர் என்று ஆகிவிடும் நாள்கள் உண்டு. அப்போது மனதில் நிற்பது மற்றவர்களின் ஃபின் முகத்தில் உதைத்ததுதான். உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இரு, தொடாதே, ஃபிளாஷ் போடாதே, படகு வேகம் மணிக்கு 10 நாட்டிகல் மைலுக்குள் என்று விதி இருக்கிறது. ஹனிஃபாருவில் நடப்பது போல அது அங்கே நடப்பதில்லை. அந்தச் சுறாக்களில் பலவற்றின் முதுகிலும் வாலிலும் படகு விசிறி கிழித்த தழும்புகளை நீங்களே பார்க்கலாம். காலை ஆறரை மணிக்குக் கிளம்பும் படகைப் பிடித்தால் கூட்டம் வருவதற்கு முன் ஒரு வாய்ப்பு உண்டு. குதிக்கும்போது மீனுக்குப் பின்னால் குதித்தால் பயனில்லை. அது சோம்பலாகப் போவது போலத்தான் தெரியும். பின்னால் நீந்திப் பார்த்தால்தான் வேகம் புரியும். பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால், சத்தமில்லாமல் இறங்க வேண்டும்.

இந்த இரண்டையும் தாண்டி, என்னைக் கேட்டால் ஒரு ஆமை மூச்சு விட மேலே வருவதைப் பக்கத்தில் மிதந்து பார்ப்பதுதான் உச்சம். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஏறக்குறைய எந்தப் பாறையிலும் கிடைக்கும். அழுங்காமையும் பச்சை ஆமையும் அங்கே அதிகம். அழுங்காமை பாறை இடுக்கில் கடற்பஞ்சைக் கொத்திக்கொண்டிருக்கும். கூர்மூக்கை வைத்து இழுத்துப் பிய்க்கும்போது துணுக்குகள் பறக்கும், அதைப் பொறுக்கச் சின்ன மீன்கள் சுற்றி நிற்கும். எல்லாரும் செய்வது, பார்த்த உடனே அதன் தலைக்கு மேல் போய் நின்று படமெடுப்பது. மேலே நிழல் விழுந்தால் அது சங்கடப்பட்டு நகரும். ஐந்தாறு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் மிதந்து காத்திருங்கள். கொஞ்ச நேரம் கழித்து அது தின்பதை நிறுத்தும். தலையை நிமிர்த்தும். இரண்டு முன்துடுப்பையும் மெல்ல வீசிக்கொண்டு நேராக மேலே வரும். நீங்கள் அசையாமல் இருந்தால் உங்கள் முகத்துக்கு எதிரிலேயே மேற்பரப்பைத் தொடும். அந்த நேரத்தில் நீங்களும் தலையைத் தூக்கிப் பார்த்தால், அது 'ஃபூஸ்' என்று மூச்சை விட்டு இழுக்கும் சத்தம் கேட்கும். அப்புறம் மறுபடி கீழே, அதே இடுக்குக்கு. ஒரு வங்கி அதிகாரி, வெடுவெடு என்று பேசுகிற ஆள், இதைப் பார்த்துவிட்டுப் படகில் ஏறி வெகுநேரம் வாயே திறக்கவில்லை. மகள் முதல் முறையாகக் கடலில் இறங்குகிறாள் என்றால் நான் ஆமையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். 2016 முதல் அங்கே ஆமையும் அதன் முட்டையும் முழுப் பாதுகாப்பில் இருப்பதால் அவற்றுக்கு மனிதர்மேல் பெரிய பயம் இல்லை.

சத்தம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். கடலுக்கடியில் நிசப்தம் என்று பலர் நினைக்கிறார்கள். காதைத் தண்ணீருக்குள் வைத்தால் பாறை முழுக்க எண்ணெயில் கடுகு பொரிவது போல இடைவிடாமல் கேட்கும். சொடுக்கு இறால் என்று விரல் நீளம்கூட இல்லாத ஒரு பிராணி, தன் கொடுக்கை அவ்வளவு வேகமாக மூடுகிறது. அப்போது உண்டாகும் குமிழி வெடிக்கும் சத்தம் அது. அதற்கு மேலே கரக் கரக் என்று கேட்டால் கிளிமீன் பாறையைக் கடிக்கிறது. பாசிக்காகப் பவளச் சுண்ணாம்பையும் சேர்த்துக் கடித்து, அரைத்து, மாவாகப் பின்பக்கம் விட்டுவிடும். வெள்ளைப் புகை மாதிரி அது இறங்குவதை நீங்களே பார்க்கலாம். வக்காரு என்ற தீவை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது: அங்கே பாறையில் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன் போட்டது. தேனிலவுப் படங்களில் வருகிற வெள்ளை மணல் கரைக்கு மூலம் இதுதான் என்று சொன்னால் புது ஜோடிகள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

ஆகஸ்ட் என்பதால் மழை வரும். வந்தால் படகுக்கு ஓடாதீர்கள், இடி மின்னல் இருந்தால் ஒழிய. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு மேலே பெய்யும் மழையைக் கேட்பது ஒரு தனி அனுபவம். முதுகில் விழும் துளி குளிரும், கீழே கடல் வெதுவெதுப்பாக இருக்கும். பலமாகப் பெய்தால் மேலே நன்னீர் மெல்லிய படலமாகத் தங்கி, உப்பு நீரோடு கலக்கும் இடத்தில் கண் முன்னே எல்லாம் நெளியும். மாஸ்க்கில் ஏதோ கோளாறு என்று துடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

படகிலிருந்தே பார்க்க வேண்டியவை இரண்டு. டால்பினுக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையே இல்லை என்பது என் கருத்து. போகும் வழியிலோ வரும் வழியிலோ கிடைத்துவிடும். அங்கே அதிகம் காண்பது சுழல் டால்பின். இரவெல்லாம் வெளிக்கடலில் இரை பிடித்துவிட்டுக் காலையில் அட்டோலுக்குள் வந்து ஓய்வெடுக்கும். சாயங்காலம் இடைவெளிகள் வழியாகக் கூட்டமாக வெளியே போகும். போகும்போதுதான் எம்பிக் குதித்துத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் வித்தை. ஒரே தாவலில் ஏழு சுற்று வரை சுற்றும் என்கிறார்கள். தோணியின் முன்முனையில் படுத்துக் கீழே பார்த்தால் அலையில் சவாரி செய்துகொண்டு ஒரு கண்ணால் நம்மைப் பார்க்கும். தண்ணீரில் குதித்து அவற்றோடு நீந்தலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவற்றுக்குத் தூக்கம் கெடும், உங்களுக்கும் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று பறவை. தூரத்தில் ஆலாக்கள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து எழுந்துகொண்டிருந்தால் கீழே சூரைக் கூட்டம் குட்டி மீன்களை மேலே துரத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாலத்தீவுப் படகுக்காரர்கள் பரம்பரையாகச் சூரை பிடிப்பவர்கள். நம் சமையலிலும் இருக்கும் மாசிக் கருவாட்டுக்குப் பேர்போனவர்கள். பறவையைப் பார்த்துவிட்டால் சுற்றுலாப் பயணிகள் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோகும். படகைத் திருப்பிவிடுவார்கள். தடுக்காதீர்கள். கடல் கொதிப்பதையும், பறவைகள் கிறீச்சிடுவதையும், ஒரு முழ நீளச் சூரை அம்பு மாதிரி வெளியே பாய்வதையும் பத்தடி தூரத்தில் பார்ப்பது எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத அயிட்டம்.

நர்ஸ் சுறாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வாவு அட்டோலில் டஜன் கணக்கில் கூடும். படம் அருமையாக வரும். நெட்டில் எங்கு பார்த்தாலும் அதுதான். ஆனால் அவை அங்கே கூடுவது மனிதர் போடும் மீன் கழிவுக்காக. வீசப்படும் தலைக்கும் குடலுக்கும் முட்டி மோதிக்கொள்ளும் கூட்டத்தின் நடுவே நின்று படமெடுப்பதை நான் காட்டுயிர் பார்ப்பது என்று சொல்லமாட்டேன். பொதுவாகச் சாதுவான சுறாதான். ஆனாலும் சாப்பாட்டுக்கு மனிதரைப் பார்க்கப் பழகிய பிராணி, சிலரைக் கடித்தும் இருக்கிறது. பதினொரு வயதுக் குழந்தையோடு நான் போக மாட்டேன். சுறா பார்க்க ஆசை என்றால் காலையில் உங்கள் தீவின் கரையிலேயே முட்டியளவு தண்ணீரில் கருமுனைச் சுறாக் குட்டிகள் வளைய வருவதைப் பார்க்கலாம், காசே இல்லாமல். 2010இல் மாலத்தீவில் சுறா பிடிக்கத் தடை வந்தது. அதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

மனதில் நிற்பதெல்லாம் இனிமையானதாகத்தான் இருக்கும் என்று இல்லை. ஒரு முறை வெளிக்கடலில் மிதக்கும் குப்பை என்று நினைத்து நெருங்கினால், அறுந்த மீன்வலைப் பொதி. அதற்குள் ஒரு ஆலிவ் ரிட்லி ஆமை. முன்துடுப்பு ஒன்றில் நைலான் நூல் எலும்பு வரை இறங்கியிருந்தது. படகுக்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு குதித்தார். படகில் இருந்த ஐரோப்பியத் தம்பதி அழுதுவிட்டார்கள். மாலத்தீவுக்காரர்கள் சூரையைத் தூண்டில் போட்டுத்தான் பிடிக்கிறார்கள். இந்த வலைகள் பெரும்பாலும் வெளியிலிருந்து மிதந்து வருபவை. இந்தியா, இலங்கைப் பக்கத்து வலைகளும் அதில் உண்டு என்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குச் சுலபமாக இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெசன்ட் நகர்க் கரையில் முட்டையிட வருவதும் இதே இனம்தான். இவற்றுக்காக 2013இல் தொடங்கிய ஆலிவ் ரிட்லி புராஜெக்ட் என்ற அமைப்பு பா அட்டோலில் ஆமைகளுக்கு ஒரு மருத்துவமனையே நடத்துகிறது. வலையில் ஆமையைப் பார்த்தால் வெறுமனே அறுத்து விட்டுவிடக் கூடாது. உள்காயம் இருந்தால் அது மூழ்க முடியாமல் மிதந்துகொண்டே இருக்கும். வழிகாட்டியிடம் சொல்லி, தொலைபேசியில் அவர்களைக் கேட்டுச் செய்வது நல்லது.

பவளத்தைப் பற்றியும் இப்போதே சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும். 1998இல் எல் நினோ வெப்பத்தில் மாலத்தீவின் ஆழம் குறைந்த பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. மெல்ல மீண்டுவந்தபோது 2016இல் மறுபடி, 2024இல் மறுபடி. அதனால் பல பாறைகளின் மேல்தளம் பழுப்பும் சாம்பலுமாகத்தான் இருக்கும். படங்களில் காணும் சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் விளக்கு அடித்து எடுத்தவை. ஆழம் கூடக் கூடத் தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். மீன் கூட்டத்துக்குக் குறைவில்லை. பாறையின் ஓரத்துக்குப் போனால் அங்கே இன்னும் உயிருள்ள பவளம் கிடைக்கும்.

அந்த ஓரத்தைப் பற்றி முன்கூட்டியே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். இரண்டு மீட்டர் ஆழத்தில் மீன் பார்த்துக்கொண்டே போவீர்கள், திடீரென்று தரை முடிந்து கருநீலம் ஆரம்பிக்கும். சிலருக்கு உயரமான மாடியிலிருந்து எட்டிப்பார்க்கிற கிறுகிறுப்பு வரும், மூச்சு வேகமாகும். இது எல்லாருக்கும் வருவது. பாறைச் சுவரைப் பார்த்தபடி, வழிகாட்டி இழுத்து வரும் மிதவை வளையத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். பழகியபிறகு நீலத்தின் பக்கமும் அவ்வப்போது திரும்பிப் பாருங்கள். புள்ளித் திருக்கைகள் வரிசையாகப் பறந்து போவதெல்லாம் அந்தப் பக்கம்தான். பத்தில் எட்டுப் பேர் சுவரையே பார்த்துக்கொண்டு தவறவிடுவார்கள்.

ஒரே ஒரு மீனிடம் மட்டும் எச்சரிக்கை. டைட்டன் கிளாத்தி என்று முக்கால் மீட்டர் வரை வளரும் ஒன்று, மணலில் குழி பறித்து முட்டையிட்டிருந்தால் காவல் நிற்கும்; கிட்டப் போனால் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை குழியிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போவதால் மேலே தப்ப முடியாது. பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

சாமான் விஷயத்தில் மாஸ்க் ஒன்றுதான் முக்கியம். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மீசை இருந்தால் தண்ணீர் கசியும். மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன், அவசரத்தில் சட்டென்று கழற்ற வராது. மகளுக்கு அவள் அளவிலேயே ஒன்று ஊரிலிருந்து வாங்கிப்போங்கள். அங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரியவர் அளவு. முழுக்கை டீஷர்ட் கட்டாயம், இல்லாவிட்டால் முதல் நாளே முதுகு வெந்து மீதி நான்கு நாள் அறையில்தான். படகு ஆட்டத்துக்கு மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபிறகு போட்டுப் பயனில்லை.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. வழிகாட்டி தண்ணீரில் கூட இறங்குவாரா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ஏற ஏணி இருக்கிறதா. ஹனிஃபாருவில் பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி என்று விதியே உண்டு. உங்கள் நீச்சலுக்கு நான்கைந்து பேருக்கு ஒருவர் இருக்கும் படகைத் தேடுங்கள். "கட்டாயம் காட்டுவோம்" என்று உறுதி கொடுப்பவரைவிட, "நேற்று வரவில்லை, இன்று ஓதம் மூன்று மணிக்கு, அப்போது போகலாம்" என்று சொல்பவரை நம்பலாம்.

இனி உங்கள் ஐந்து நாள். இரண்டு அட்டோலை ஒரே பயணத்தில் அடக்க முயலாதீர்கள், பாதி நேரம் ஸ்பீட் போட்டிலேயே போய்விடும். ஆகஸ்ட் கடலில் அது சுகமும் இல்லை. மாலேயிலிருந்து தரவந்தூ தீவுக்கு உள்நாட்டு விமானம் இருக்கிறது, அரை மணிக்குள் போய்விடலாம். ஹனிஃபாரு அங்கிருந்து படகில் பத்து நிமிடத் தொலைவு. முதல் நாள் கரையோரத்தில் மாஸ்க் பழகுங்கள். இரண்டாம் நாள் ஆமைப் பாறை. மூன்று, நான்கு, ஐந்தாம் நாள்களை ஹனிஃபாருவுக்காகத் திறந்து வைத்துவிட்டு, எந்த நாள் என்பதை அங்கே போய் முடிவு செய்யுங்கள். மாண்டா வந்துவிட்டது என்று காவலர்களிடமிருந்து செய்தி வந்ததும் தீவே கிளம்பும், மதியம் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டிவந்தாலும் ஓடுங்கள். தரவந்தூ ரிசார்ட் இல்லை, முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்த் தீவு என்பதால் நீச்சலுடைக்கென்று தனிக் கரை உண்டு, மற்ற இடங்களில் உடம்பை மூடிய உடை. விமான டிக்கெட் போடுவதற்கு முன் காலண்டரில் ஆகஸ்ட் மாதப் பவுர்ணமி, அமாவாசைத் தேதிகளைப் பார்த்துவிட்டு, அதில் ஒன்று உங்கள் ஐந்து நாளின் நடுவில் வருகிற மாதிரி போடுங்கள்.